பொக்கற்றுக்கு ஒரு ரோச் லைற்: பெட்டியில் உள்ள எண்களை வாசிப்பது எப்படி?

யாழ்ப்பாண நகரத்தில் மின்சாமான் விற்கும் ஒரு கடையின் கண்ணாடி அலுமாரியில் இரண்டு ரோச் லைற்றுகள் அருகருகே இருக்கின்றன. இரண்டும் ஒரு விரல் நீளம்தான். ஒன்றின் பெட்டியில் "90,000 லூமன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மற்றதில் "400 லூமன்" என்று சின்னதாக இருக்கிறது. விலையோ தலைகீழ்: 400 லூமன் ரோச்தான் பல மடங்கு கூட. எண்களை மட்டும் நம்பினால் யாரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். மாரி தொடங்கி, கரண்ட் போகத் தொடங்கியபிறகுதான் ஏமாந்தது தெரியவரும்.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்பதை அடியில் இருந்து பார்ப்போம். இங்கே பேசப்போவது கையடக்க ரோச்சைப் பற்றி மட்டும். பொக்கற்றிலோ திறப்புக் கோர்வையிலோ நாள் முழுக்கக் கூடவே இருக்கக்கூடியது அது. தோட்டக் காவலுக்குப் பாவிக்கும் பெரிய ரோச் வேறு சாமான், அதற்குக் கணக்கும் வேறு.

கைத்தொலைபேசி வெளிச்சம் போதாதா?

வீட்டுக்குள் திறப்புத் துவாரம் தேடப் போதும். தொலைபேசியின் விளக்கு பெரும்பாலும் 50 லூமனைச் சுற்றித்தான் இருக்கும். வெளிச்சத்தைக் குவிக்க அதற்குக் கிண்ணமும் இல்லை, நல்ல வில்லையும் இல்லை. அதனால் நாலு பக்கமும் பரவி, கொஞ்சத் தூரத்திலேயே கரைந்துபோகும். அதைவிடப் பெரிய பிரச்சினை பற்றரி. மின்தடை நேரத்தில் தொலைபேசி பேசுவதற்கு வேண்டும். அதை விளக்காக எரித்து முடித்துவிட்டால் அவசரத்துக்கு ஆளைக் கூப்பிட வழியில்லை. மழைக்குள் கிணற்றடிக்குப் போகிறவரின் ஈரக் கையில் அது நிற்கவும் நிற்காது.

லூமன்: மொத்த வெளிச்சம்

லூமன் என்பது ரோச்சின் வாயில் இருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அது எங்கே போய் விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை லூமன் சொல்லாது. ஒரு மெழுகுதிரி ஏறத்தாழ 12 லூமன் தரும். இரண்டு பெரிய பற்றரி போட்டு, இழை பல்ப் எரிந்த அந்தக்கால ரோச்சும் பத்துப் பதினைந்து லூமனைத் தாண்டுவது அரிது. அந்த ரோச்சைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் ஊர்களில் சாமச் செத்தவீட்டுக்கும் விடியப்புறத் திருவெம்பாவைக்கும் ஆட்கள் நடந்தார்கள். 1990களில் வடக்குக்குப் பற்றரி கொண்டுவரவே தடை இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு மெழுகுதிரியின் வெளிச்சம்தான், சில இரவுகளில் அதுவும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு 90,000 என்ற எண்ணைச் சரிபார்க்கலாம். பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

1. இன்றைய நல்ல எல்.ஈ.டி. ரோச் ஒன்று, ஒரு வாற் மின்சாரத்தில் சுமார் 100 லூமன் தரும்.
2. அப்படியென்றால் 90,000 லூமனுக்கு 900 வாற் வேண்டும். ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி இழுக்கிற அளவு அது.
3. இந்த அளவு ரோச்சுக்குள் போகும் பெரிய பற்றரிகளில் பரவலான வகை 18650 என்ற லிதியம் செல். அதன் கொள்ளளவு 3000 மில்லி அம்பியர் மணி, சராசரி அழுத்தம் 3.6 வோல்ற் என்று வைத்தால், உள்ளே இருக்கும் சக்தி 10.8 வாற் மணி.
4. 900 வாற்றில் அது 43 செக்கனில் தீர்ந்துவிடும். அந்தச் செல்லால் அவ்வளவு மின்சாரத்தை ஒரே வீச்சில் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் கை பொசுங்கும்.

ஆகவே பெட்டியில் இருக்கும் அந்த எண் வெறும் அலங்காரம். அப்படிப்பட்ட ரோச்சுகள் உண்மையில் சில நூறு லூமனே தரும். எண்ணில் பொய் சொல்கிறவர் பற்றரியிலும் சார்ஜ் பண்ணும் மின்சுற்றிலும் உண்மையாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இதுதான் என் பெரிய கவலை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கண், வெளிச்சத்தை நேர்க்கோட்டுக் கணக்கில் பார்ப்பதில்லை. ஒரு ரோச் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரிய ஏறத்தாழ நான்கு மடங்கு லூமன் வேண்டும். 400க்கும் 500க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. அந்த நூறு லூமனுக்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கன்டேலா: எவ்வளவு தூரம்?

வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பதற்குக் கன்டேலா என்று பெயர். ஒரே 300 லூமனை ஆழமான கிண்ணத்தில் குவித்தால் பனை உச்சி தெரியும், பரப்பிவிட்டால் முற்றம் முழுக்கத் தெரியும்.

நல்ல உற்பத்தியாளர்கள் தங்கள் அளவீடுகளை எஃப்.எல். 1 என்ற அமெரிக்கத் தர விதிமுறைப்படி எடுக்கிறார்கள். இது 2009இல் வந்தது. இதன்படி "வீச்சுத் தூரம்" என்பது, வெளிச்சம் 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம். முழுநிலவு தருகிற வெளிச்சத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கும் இலேசு: கன்டேலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 2,500 கன்டேலா என்றால் 100 மீற்றர். 10,000 என்றால் 200 மீற்றர். தூரத்தை இரட்டிப்பாக்கக் கன்டேலா நான்கு மடங்காக வேண்டும்.

நிலவு வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், ஆள் யாரென்று தெரியாது. அதனால் பெட்டியில் 100 மீற்றர் என்று இருந்தால், வடிவாகப் பார்க்க உதவுவது முப்பது நாற்பது மீற்றர்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கைக்கும் வளவுக்கும் அது தாராளம். கூர்மையாகக் குவியும் ரோச்சைவிட, நடுவில் ஒரு மிதமான வட்டமும் சுற்றிவரப் பரந்த ஒளியும் தருவதே நடக்கிற ஆளுக்கு நல்லது. குவிந்த ரோச்சில் கால் வைக்கும் இடம் இருட்டிலேயே கிடக்கும்.

எரியும் நேரம்: பெட்டி சொல்லாத வளைவு

ஆகக்கூடிய குழப்பம் இங்கேதான். "1000 லூமன், 3 மணித்தியாலம்" என்று போட்டிருந்தால், மூன்று மணித்தியாலமும் 1000 லூமன் கிடைக்கும் என்றுதான் வாசிக்கத் தோன்றும். எஃப்.எல். 1 விதிமுறை சொல்வது வேறு. ரோச்சைப் போட்டு 30 செக்கனில் அளக்கும் வெளிச்சத்தை ஆரம்ப அளவாக எடுக்கிறார்கள். அது பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிந்த நேரம் முழுவதும் "எரியும் நேரம்". அதாவது 1000 லூமனில் தொடங்கி, மூன்று நிமிடத்தில் சூட்டினால் 300க்கு இறங்கி, பிறகு மெல்ல மெல்ல 100க்கு வந்தாலும் விதிப்படி அது சரிதான்.

ஏன் இறங்குகிறது? எல்.ஈ.டி. எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகப் போகிறது. 10 வாற் எரிக்கும் சின்ன உலோகக் குழாய் ஓரிரு நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாமல் கொதிக்கும். நல்ல ரோச் சூட்டை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும். பிளாஸ்ரிக் ரோச்சில் சூடு வெளியேற வழியில்லை, எல்.ஈ.டி.யே கெட்டுப்போகும். எங்கள் வெக்கையில் இது இன்னும் கெதியாக நடக்கும். அலுமினிய உடம்பு வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

எனவே உச்ச லூமனை விட்டுவிட்டு, நடுத்தர வெளிச்ச நிலையில் எத்தனை லூமன், எத்தனை மணித்தியாலம் என்று பாருங்கள். நான் ஒரு ரோச்சை அளப்பது இந்த ஒரு வரியை வைத்துத்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அதை ஒரு அளவுகோலாக வைப்போம். 50 லூமனில் 13 மணித்தியாலம் எரிய 650 லூமன் மணி தேவை. மேலே கணக்குப் பார்த்த 18650 செல்லில், 10.8 வாற் மணியை வாற்றுக்கு 100 லூமன்படி பெருக்கினால், கிட்டத்தட்ட 1000 லூமன் மணி இருக்கிறது. அந்தக் கரண்ட் வெட்டை அது ஒரே சார்ஜில் தாண்டிவிடும்.

எந்த வேலைக்கு எவ்வளவு போதும்?

1. ஒரு லூமனுக்கும் குறைவு: நுளம்புவலைக்குள் குழந்தையை எழுப்பாமல் பார்க்க, சாமத்தில் தண்ணீர் குடிக்க. கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வரை எடுக்கும். பிரகாசமான ரோச் அந்தப் பழக்கத்தை ஒரு கணத்தில் கெடுத்துவிடும்.
2. 10 முதல் 15 வரை: வீட்டுக்குள் நடமாட, வாசிக்க.
3. 40 முதல் 80 வரை: ஒழுங்கையில் நடக்க, கிணற்றடி, படலை, தண்ணீர் இறைக்கும் மிசினடி.
4. 200 முதல் 400 வரை: நாய் குரைக்கும்போது வளவை ஒருமுறை சுற்றிப் பார்க்க. அரை நிமிட வேலை.

நான்காவதை மட்டும் தரும் ரோச் நாளாந்தப் பாவனைக்கு உதவாது. முதல் மூன்றையும் ஒழுங்காகத் தருவது நல்ல ரோச்.

பற்றரி: தெரிவு இங்கேதான் முடிவாகிறது

ரோச் வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு பற்றரி வகைக்குக் கட்டுப்படுகிறோம். இங்கே கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*சுவரில் நேரே செருகும் பிளாஸ்ரிக் ரோச்.* பின்பக்கம் இரண்டு முள் வெளியே இழுபடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் சின்ன ஈயஅமிலப் பற்றரி. சார்ஜ் இறங்கியபடி இரண்டு மாதம் கிடந்தால் அது செத்துவிடும். இதைவிடக் கவலையானது, இவற்றில் பலவற்றுக்கு மின்மாற்றி கிடையாது, ஒரு கொள்ளளவி (கப்பாசிற்றர்) மட்டும்தான். செருகியிருக்கும்போது உள்ளே உள்ள எல்லாம் 230 வோல்ற்றோடு நேரடித் தொடர்பில் இருக்கும். ஓடு வெடித்த ரோச்சைச் செருகியபடி தொடுவது உயிர் ஆபத்து. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை வைத்திருக்க வேண்டாம் என்பதே என் திடமான கருத்து.

*பென்ரோச் பற்றரி.* அளவு ஏ.ஏ. என்று போட்டிருக்கும். நெடுந்தீவில் இருந்து பருத்தித்துறை வரை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அல்கலைன் வகையை மறந்து உள்ளே விட்டால் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு கசிந்து, வெள்ளைப் பொருக்குக் கட்டி, ரோச்சைத் தின்றுவிடும். கசிந்துவிட்டால் வினாகிரி நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிடலாம். திரும்பச் சார்ஜ் பண்ணும் நிக்கல் வகையை வாங்கினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 1.2 வோல்ற், 2000 மில்லி அம்பியர் மணி என்றால் 2.4 வாற் மணி. 50 லூமனில் நாலு மணித்தியாலம் எரியும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு செல் மாற்றாக வைத்திருந்தால் ஒரு இரவு ஓடும்.

*ஏ.ஏ.ஏ.* ரிமோட்டுக்குப் போடுகிற மெலிந்த பற்றரி. திறப்புக் கோர்வைக்கு நல்லது, 50 லூமனில் இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு.

*18650.* 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், லிதியம் அயன். ஒரு பென்ரோச் பற்றரியைப்போல நாலு மடங்கு சக்தி. பொய் ஆகக்கூட நடப்பதும் இதில்தான். இந்த அளவில் வழமையாகக் கிடைக்கும் நல்ல செல்களின் உச்சம் சுமார் 3600 மில்லி அம்பியர் மணி. "9900" என்று அச்சடித்திருந்தால் கையில் எடுக்கவே வேண்டாம். சந்தேகம் என்றால் தராசில் வையுங்கள். உண்மையான செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். போலி 30 கிராமைச் சுற்றி நிற்கும். சிலவற்றின் நீல உறையைக் கீறி மூடியை நெம்பினால், பெரிய குழாய்க்குள் சுண்டுவிரல் பருமனில் ஒரு குட்டிச் செல் இருக்கும், மிச்ச இடத்துக்குப் பொடி அடைத்திருப்பார்கள்.

லிதியம் செல்லுக்குச் சில கட்டாய ஒழுங்குகள் உண்டு. பாதுகாப்புச் சுற்று உள்ளதை வாங்குங்கள். பழைய மடிக்கணினிப் பற்றரியை உடைத்து எடுத்த செல்லைப் போடாதீர்கள். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் இருக்கைப் பெட்டிக்குள் விடாதீர்கள். பென்ரோச் பற்றரி அளவிலேயே 14500 என்ற லிதியம் செல்லும் விற்கிறது. இரண்டையும் ஏற்கும் என்று ரோச்சில் எழுதியிருந்தால் மட்டும் அதைப் போடலாம். 1.5 வோல்ற்றுக்குச் செய்த சுற்றில் 4.2 வோல்ற் ஏறினால் கருகிவிடும்.

என் தெரிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். தீவுப்பகுதியில் இருப்பவருக்கும் வயதானவருக்கும் ஒரு பென்ரோச் பற்றரி போடும் அலுமினிய ரோச், கூடவே நாலு நிக்கல் செல். நகரத்தில், சார்ஜருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு 18650. பற்றரியைக் கழற்றவே முடியாதபடி ஒட்டிய ரோச் யாருக்கும் வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் செல் கிழடானால் முழு ரோச்சும் குப்பை.

சி வகை யூ.எஸ்.பி. துளை இருந்தால் ஒரு விசயம் பாருங்கள். மலிவான ரோச்சுகளில் அந்தத் துளைக்கு உள்ளே இருக்கவேண்டிய, தடையி என்ற இரண்டு சிறு பாகங்களைப் போடாமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். இரு பக்கமும் சி முனை உள்ள வயரில் அவை சார்ஜ் ஆகாது, பழைய தட்டை முனை வயரில் மட்டும் ஆகும். பழுது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

வெளிச்சத்தின் நிறம்

இதைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. எங்கள் மண்ணில் இது பார்க்கவேண்டிய விசயம்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். மலிவான எல்.ஈ.டி.கள் 6500 கெல்வின் அளவில், நீலம் கலந்த வெள்ளையாக எரியும். 4000 முதல் 5000 வரை உள்ளவை பகல் வெயிலுக்குக் கிட்ட. இதோடு நிற உண்மைச் சுட்டெண் என்று ஒன்று உண்டு, பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும். 100 என்றால் சூரிய ஒளியில் தெரிவதுபோலவே நிறம் தெரியும். மலிவானவை 70ஐச் சுற்றி, நல்லவை 90க்கு மேல். 70இல் முதலில் அடிபடுவது சிவப்பு.

சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் ஒழுங்கையில் நீல வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். மண், காய்ந்த பலா இலை, பன்னாடை எல்லாம் ஒரே சாம்பல் கபிலமாகத் தெரியும். அதற்குள் ஒரு புடையன் பாம்பு சுருண்டு கிடந்தால் அதன் முதுகுப் புள்ளிகளும் சருகோடு சருகாகிவிடும். 90க்கு மேல் உள்ள வெளிச்சத்தில் செம்மண் செம்மண்ணாகவே தெரிகிறது, அதன்மேல் கிடப்பது எதுவானாலும் பிரிந்து தெரிகிறது. கடற்கரைப் பக்க மணலில் சுருட்டைப் பாம்பு இன்னும் மோசம், உடம்பே மணல் நிறம். இப்படியான இடத்தில் 80 நல்ல லூமன், 800 நீல லூமனைவிடப் பெறுமதி. காயத்தில் இரத்தம் புதிதா பழையதா என்று பார்ப்பதற்கும் இதே நியாயம்.

பிடிக்கும் முறையும் உதவும். ரோச்சைக் கண் உயரத்தில் பிடித்தால் தரை தட்டையாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே இறக்கிச் சரிவாக அடித்தால், கல்லுக்கும் வேருக்கும் பாம்புக்கும் பின்னால் நீண்ட நிழல் விழும். நிழல்தான் முதலில் கண்ணில் படும்.

இன்னொன்று, நீலம் குறைந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வருவதும் குறைவு. முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் இரவுகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சுவிட்ச், கிளிப், தண்ணீர்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவிட்சை அழுத்தியவுடன் குறைந்த வெளிச்சத்தில் அல்லது கடைசியாகப் பாவித்த நிலையில் தொடங்கவேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மினுங்கும் நிலையும் எஸ்.ஓ.எஸ். என்ற அபாய அறிவிப்பு நிலையும் வந்து தொலைக்கும் ரோச் வேண்டாம். வீட்டில் அம்மம்மாவின் கையில் கொடுத்தால் விளக்கம் இல்லாமல் அவர் போடக்கூடியதாக இருக்கவேண்டும். பொக்கற்றுக்குள் தானாக எரியாமல் இருக்கப் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் போதும், பல அலுமினிய ரோச்சுகளில் இது வேலை செய்யும்.

இரவில் சாரம் கட்டுகிற ஆளுக்குப் பொக்கற் கிடையாது. கிளிப் நல்ல இறுக்கமாக இருந்தால் சாரக் கட்டில் செருகலாம், இல்லையென்றால் கழுத்தில் தொங்கவிட ஒரு கயிற்றுத் துளையாவது வேண்டும்.

தண்ணீர் தாங்கும் தரத்தைப் பெட்டியில் ஐ.பி.எக்ஸ். என்ற எண் காட்டும். 4 என்றால் தூறல் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம். கார்த்திகை மழைக்கும், கிணற்றடி வாளிக்குள் விழுவதற்கும் 7 எடுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் உப்புத்தண்ணி பட்டவுடன் நல்லதண்ணியில் அலசித் துடைக்கவேண்டும். புரியிலும் றப்பர் வளையத்திலும் மாதம் ஒருமுறை சிலிக்கன் கிறீஸ் ஒரு பொட்டுத் தடவுங்கள்.

கடையில் நின்று பார்க்க ஐந்து நிமிடம்

1. பெட்டியில் வீச்சுத் தூரமும் எரியும் நேரமும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகவும், கூடவே தண்ணீர்த் தாங்குதிறனும் போட்டிருக்கிறதா? உச்ச லூமன் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள்.
2. பின்மூடியைக் கழற்றுங்கள். புரி மணல் அரைப்பதுபோல இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். றப்பர் வளையம் இருக்கவேண்டும்.
3. குறைந்த நிலையில் போட்டு, தொலைபேசிக் கமராவைக் கிட்டப் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் வெளிச்சம் விட்டுவிட்டு எரிகிறது. சிலருக்கு அதில் தலை இடிக்கும்.
4. உங்கள் உள்ளங்கையில் அடியுங்கள். தோல் உயிருள்ள நிறத்தில் தெரிந்தால் நல்லது, சாம்பல் பூத்துத் தெரிந்தால் சி.ஆர்.ஐ. குறைவு.
5. உச்சத்தில் இரண்டு நிமிடம் எரியவிடுங்கள். தலைப்பக்கம் சூடாகவேண்டும். சூடாகாவிட்டால் ஒன்றில் வெளிச்சம் பொய், இல்லையென்றால் சூடு உள்ளுக்குள்ளேயே அடைபடுகிறது.

வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிறவர்களுக்கு

ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வருகிறவரிடம் ரோச் சொல்லிவிடுவது இங்கே வழமை. தனியாகக் கொண்டுவரும் லிதியம் செல்லைப் பெரிய பயணப்பெட்டிக்குள் வைக்க விமான நிறுவனங்கள் விடாது, கைப்பையில்தான் வரவேண்டும். 100 வாற் மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை; ஒரு 18650 செல்லில் 11 வாற் மணி மட்டில்தான் இருக்கிறது. செல்லின் முனைகள் திறப்பிலோ சில்லறையிலோ முட்டாமல் பிளாஸ்ரிக் கூட்டில் போடவேண்டும், ரோச்சுக்குள் இருக்கும் செல் என்றால் பின்மூடியைத் தளர்த்திவிடவேண்டும். ரோச்சின் பெயரைச் சொல்லிவிடும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.